ஆயாவின் மோர்ப்பானையும் என் சர்க்கரை ரிப்போர்ட்டும்

போன மாதம் வருடாந்திர ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஹெச்பிஏ1சி 6.2. சர்க்கரை நோய் என்று சொல்ல 6.5 வேண்டும். 5.7க்கு மேல் போனாலே வாசல்படி. ஆக, நான் வாசல்படியைத் தாண்டி முற்றத்தில் நின்றுகொண்டிருக்கிறேன் :-)

இங்கே மினசோட்டாவில் எங்கள் டாக்டரம்மா அனுப்பி வைத்த உணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார். அதில் இரண்டாவது வரி: "இனிப்பில்லாத யோகர்ட் சாப்பிடுங்கள். சீரகம், இஞ்சி போன்ற மசாலாக்கள் சேர்த்தால் இன்னும் நல்லது." படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா விமானம் ஏறி இத்தனை தூரம் வந்தேன்?

அன்றிரவு ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். "அது மோர்தானே கண்ணு? ஆயா கொடுத்தப்பல்லாம் வேண்டாம்னு ஓடுவ. இப்ப வெள்ளக்காரி சொன்னாத்தான் குடிப்பயா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. மோர் அவ்வளவு நல்லது என்றால், மோர் குடித்தே வளர்ந்த நம் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு சர்க்கரை? வார இறுதியில் பத்துக் குடும்பங்கள் கூடினால், சாப்பாட்டுக்கு முன் மாத்திரை டப்பா திறக்கிற சத்தம் நான்கு பக்கமும் கேட்கிறதே! அதற்குப் பதில் தேடியதில் வந்ததுதான் இந்த நீளமான பதிவு.

*

முதலில் எங்கள் ஊர். மார்டள்ளி என்றால் பலருக்கும் தெரியாது. "மாதேஸ்வரன் மலைக்குப் போற பக்கம்" என்பேன். அதுவும் புரியாவிட்டால் "வீரப்பன் காட்டுப் பக்கம்" என்பேன். உடனே புரிந்துவிடும், கூடவே இரண்டடி தள்ளியும் நிற்பார்கள். கர்நாடகத்தில் இருக்கிற தமிழ் ஊர். தமிழ் பேசும் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் கன்னடம். மோர் என்றாலும் தெரியும், மஜ்ஜிகே என்றாலும் தெரியும்.

இது எப்படி என்று கேட்பவர்களுக்கு: 1799ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு கொள்ளேகால் பகுதி கம்பெனி கைக்குப் போய், கோயமுத்தூர் ஜில்லாவோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது மைசூர் மாநிலத்துக்குப் போனது. 1997ல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டத்தைத் தனியாகப் பிரித்தார்கள். நாங்கள் வீட்டை விட்டு அசையவில்லை. ஜில்லாதான் மாறிக்கொண்டே இருந்தது.

மானாவாரி பூமி. கேழ்வரகு, சோளம், அவரை. காட்டை ஒட்டி மாடுகளைப் பட்டி போட்டு அடைப்பார்கள். பர்கூர் மாடு, ஆலம்பாடி மாடு என்று இந்த மலைப்பக்கத்துக்கென்றே மாட்டினங்கள் உண்டு. உழவுக்கும் வண்டிக்கும் கெட்டி. பால் மட்டும் கஞ்சத்தனமாகத்தான் கறக்கும். கன்று குடித்தது போக மிஞ்சுவது சில படி. அதைத்தான் ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்) காய்ச்சி, உறை ஊற்றி, விடிகாலையில் மத்தால் கடைவார். வெண்ணெய் உறியில் ஏறிவிடும். உருக்கிய நெய் சந்தைக்குப் போகும். வீட்டுக்கு மிஞ்சுவது மோர். பெரிய பானை நிறைய.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பாலில் காசு பெறுகிற பாகம் நெய். அது வெளியே போனது. கொழுப்பு எடுத்த, தண்ணீர் ஊற்றிய, புளித்த பாகம்தான் எங்கள் வயிற்றுக்கு வந்தது. ஆரோக்கியத்தை யோசித்து யாரும் செய்த ஏற்பாடு இல்லை இது. வறுமையின் ஏற்பாடு.

*

இந்த ஏற்பாடு எவ்வளவு பழையது என்று தேடினால் ஆச்சரியமாக இருக்கிறது. பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை இருக்கிறதே, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் ஓர் ஆயர் வீட்டுப் பெண் வருகிறாள். விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் போகிறாள். மோருக்கு அங்கே 'அளை' என்று பெயர். மோரைக் கொடுத்து வாங்கிய தானியத்தில் குடும்பம் சாப்பிடுகிறது. நெய்க்குப் பொன் கொடுத்தால் அவள் வாங்குவதில்லை. எருமையும் பசுவும்தான் அவளுக்கு வேண்டும். மோர் அன்றாடச் சோற்றுக்கு, நெய் முதலீட்டுக்கு. ஏறத்தாழ ஈராயிரம் வருடத்துக்கு முந்தைய பட்ஜெட்! ஆயாவிடம் சொல்லியிருந்தால் "இதுல என்ன அதிசயம்?" என்று கேட்டிருப்பார்.

மசாலா சேர்ப்பதும் அதே அளவுக்குப் பழையதுதான். குறுந்தொகையின் 167ஆம் பாட்டு பலருக்கும் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகம். கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் வைத்த பெண் தயிரைக் கையால் பிசைந்து புளிக்குழம்பு வைக்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. புருஷன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் மலர்கிறது. இன்றைய மோர்க்குழம்பின் கொள்ளுப்பாட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் கீழே வந்தால், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். அமுதுபடிக்கான பொருட்களின் பட்டியலில் மிளகு, கடுகு, சீரகம், புளி, தயிர் எல்லாம் அளவோடு இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசத்தில் அரண்மனைச் சமையலின் விவரங்கள் உண்டு. தயிரையும் மோரையும் மசாலாவோடு பக்குவப்படுத்துவதும் அதில் வருகிறது. ஆக, தமிழ்நாட்டுப் பக்கமும் கன்னட நாட்டுப் பக்கமும் சங்கதி ஒன்றே.

மருத்துவ நூல்களும் இதில் தலையிட்டன. இரவில் தயிர் வேண்டாம் என்கிறது சரக சம்ஹிதை. மோரை நிறையத் தண்ணீர் விட்டுப் பெருக்கிச் சாப்பிடச் சொல்கிறது தேரையர் பெயரில் வழங்கும் பாட்டு. தயிர் என்றால் எச்சரிக்கை, மோர் என்றால் தாராளம். இந்த வித்தியாசம் நாம் மறந்துவிட்ட ஒன்று.

ஒரு கொசுறு. நாம் "பாரம்பரிய நீர்மோர்" என்று பெருமைப்படும் டம்ளரில் பச்சை மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498ல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு போர்த்துக்கீசியர் கப்பலில் இங்கே வந்தது. அதற்கு முன் காரத்துக்கு மிளகும் இஞ்சியும்தான். பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து காலங்காலமாக இறக்குமதி. 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அதைப் பயிரிட முறையான முயற்சி தொடங்கியது. நம்மைப் போலவே பிழைக்க வந்து ஊரோடு ஒன்றிப்போனவர்கள்!

1800ல் பிரான்சிஸ் புக்கானன் என்ற டாக்டர், கம்பெனிக்காகச் சீமையைச் சுற்றிப் பார்க்க வந்தார். கொள்ளேகால், ஹனூர் வழியாகக் காவேரிபுரம் கணவாயில் இறங்கிக் கோயமுத்தூர்ப் பக்கம் போனார். பாலைக் காய்ச்சுவது, பழைய தயிரை உறை ஊற்றுவது, காலையில் கடைவது, வெண்ணெயை உருக்கி நெய்யாக்குவது என்று மைசூர்ச் சீமையின் முறையை வரிசையாக எழுதி வைத்தார். நூற்றெழுபது வருடம் கழித்து ஆயா செய்ததும் அச்சுப் பிசகாமல் அதுவேதான்.

*

மோரை எங்கள் தெருவில் யாரும் விலைக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை. காலையில் ஏழெட்டுச் சொம்பு திண்ணையில் வரிசையாக நிற்கும். மாடு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்து வைத்தவை. ஆயா கல் உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, கசக்கிய சீரகம் போட்டு ஊற்றிக் கொடுப்பார். கேழ்வரகுக் களியை உருட்டி மோரில் கரைத்துக் குடித்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போவார்கள். கடித்துக்கொள்ள சின்ன வெங்காயம். மதியமும் மோர். வெயிலில் வந்தவருக்கும் மோர்.

அப்புறம் பால் சொசைட்டி வந்தது.

1970ல் தேசியப் பால் வள வாரியம் வெண்மைப் புரட்சியைத் தொடங்கியது. அது 1996 வரை நடந்தது. கர்நாடகத்தில் 1974ல் உலக வங்கி உதவியோடு அரசின் பால் வளக் கழகம் ஏற்பட்டது. அதுவே 1984ல் கூட்டுறவுக் கூட்டமைப்பாக மாறியது. இன்று நந்தினி என்று எல்லோருக்கும் தெரியும். கலப்பின மாடுகள் வந்தன. காலையிலும் மாலையிலும் பாலை அளந்து ஊற்றினால் கணக்கில் காசு. எங்கள் வீட்டிலும் ஒரு சீமை மாடு வாங்கினோம்.

நான் ஹைஸ்கூல் படிக்கும்போது எங்கள் மத்து பரணுக்குப் போய்விட்டது. பாலே வீட்டை விட்டுப் போய்விட்டால் தயிர் ஏது, மோர் ஏது? திண்ணையில் கொஞ்ச நாள் சொம்புகள் வந்தன. ஆயா "இன்னைக்கு இல்லடா சாமி" என்று சொல்லிச் சொல்லி, ஒருநாள் அவையும் நின்றுபோயின. அந்த வாரம் முழுக்க ஆயா திண்ணைப் பக்கமே உட்காரவில்லை.

வீட்டில் நிறுத்தி வைத்த அரை லிட்டர் பால் எங்கே போனது தெரியுமா? டீக்கு. காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயந்திரம் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. களி இருந்த தட்டில் ரேஷன் அரிசிச் சோறு வந்தது. உப்பும் புளிப்புமாக இருந்த டம்ளர் இனிப்பாக மாறியது. எங்கள் தெருவின் உணவு வரலாற்றை ஒரே வரியில் எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன்.

யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தப் பால் காசில்தான் எனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினார்கள். அந்தப் படிப்புதான் மைசூருக்கும், பெங்களூருக்கும், கடைசியில் இந்தப் பனிக்காட்டுக்கும் என்னைக் கொண்டுவந்தது. மோர்ப்பானையை விற்றுத்தான் நான் படித்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

*

சரி, இந்தப் பக்கம் என்ன நடந்தது? 1905ல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய இளைஞர், ஜெனீவாவில் தன் ஊர்த் தயிரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து அதிலிருந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் இருந்த எலீ மெச்னிகோஃப் இதைப் பிடித்துக்கொண்டு, புளித்த பால் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று எழுதினார். 1908ல் நோய் எதிர்ப்பு பற்றிய வேறு ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த மதிப்பு தயிருக்கும் சேர்ந்து கிடைத்தது. 1919ல் பார்சிலோனாவில் ஐசக் கராசோ என்பவர் டனோன் கம்பெனியைத் தொடங்கி, யோகர்ட்டை முதலில் மருந்துக்கடைகளில் விற்றார். நம் ஊரில் திண்ணையில் இலவசம், அவர்கள் ஊரில் மருந்துக்கடையில் விலைக்கு!

பிறகு யோகர்ட்டில் பழமும் சர்க்கரையும் ஏறின. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்த ஸ்ட்ராபெரி யோகர்ட்டின் லேபிளைப் படித்தேன். சின்னக் கப் ஒன்றில் சேர்த்த சர்க்கரை மட்டும் 12 கிராம். மூன்று டீஸ்பூன்! உடம்புக்கு நல்லது என்று நினைத்து நான் தின்றுகொண்டிருந்தது இதைத்தான்.

2024 மார்ச் 1ஆம் தேதி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு முடிவு சொன்னது. வாரம் குறைந்தது இரண்டு கப் யோகர்ட் சாப்பிடுவது டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்று லேபிளில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கூடவே "குறைந்த அளவு அறிவியல் ஆதாரத்தின்படி" என்றும் போடவேண்டும். 2018ல் இதற்கு விண்ணப்பித்தது டனோனின் அமெரிக்கக் கிளைதான். நிறையச் சர்க்கரை சேர்த்த யோகர்ட்டில் இப்படிப் போடுவது பற்றித் தங்களுக்குக் கவலை உண்டு என்றும் நிர்வாகம் சொன்னது. ஆக, தயிர் மருந்து என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. யோகர்ட் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களைப் பல ஆண்டுகள் கவனித்துப் பார்த்ததில் நோய் கொஞ்சம் குறைவாகத் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

மசாலா விஷயத்துக்கு மைசூருக்கே போகலாம். அங்கே செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1950லிருந்து இயங்குகிறது. எங்கள் ஊரிலிருந்து மைசூருக்குப் படிக்கப் போன பிள்ளைகள் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போவோம், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே. அங்கே கே. சீனிவாசன் என்ற விஞ்ஞானி பல வருடம் மசாலாக்களை ஆராய்ந்தார். 2005ல் அவர் எழுதிய கட்டுரை, வெந்தயம், பூண்டு, வெங்காயம், மஞ்சள் ஆகியவற்றுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் சோதனைகளில் தெரிந்திருக்கிறது என்கிறது. சீரகம், இஞ்சி, கடுகு, கறிவேப்பிலை, கொத்தமல்லி பற்றி ஆய்வுகள் குறைவு. ஆனால் அவற்றுக்கும் அப்படி ஒரு குணம் சொல்லப்பட்டிருக்கிறது. கிட்டத்தட்ட ஆயாவின் நீர்மோர்ப் பட்டியல்!

துள்ளிக் குதிக்கும் முன் அளவைப் பாருங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆர்.டி. சர்மா குழுவினர் 1990ல் வெளியிட்ட ஆய்வில், டைப் 1 நோயாளிகளுக்குக் கொடுத்த கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி நாளுக்கு 100 கிராம். சர்க்கரை நன்றாகவே குறைந்தது. ஆனால் 100 கிராம்! ஒரு டம்ளர் மோரில் நாம் போடுவது ஒரு சிட்டிகை. சிட்டிகைச் சீரகத்தை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

*

இப்போது அம்மா கேட்காமல் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மோர் குடித்த ஆயாவுக்குச் சர்க்கரை இல்லை, எனக்கு ஏன் வந்தது?

1991ல் லண்டன் சவுத்ஹால் பகுதியில் குடியேறிய நம் நாட்டவரை வைத்துச் செய்த ஆய்வை மெக்கீக், ஷா, மார்மட் மூவரும் வெளியிட்டார்கள். அங்கிருந்த ஐரோப்பியர்களைவிட நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பும் அதிகம், சர்க்கரையும் அதிகம். புலம்பெயர்ந்ததால்தான் என்று அப்போது நினைக்க இடமிருந்தது. 2023ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு அந்த ஆறுதலையும் பறித்துவிட்டது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். என்னைப் போல முற்றத்தில் நிற்பவர்கள் இன்னொரு 13 கோடியே 60 லட்சம். ஊரைவிட்டு வராதவர்களுக்கும் வந்துவிட்டது. மார்டள்ளியில் என் வயசுக்காரர்கள் இருவர் இன்சுலின் போடுகிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இது. ஆயாவைக் காப்பாற்றியது மோரில் மிதந்த சீரகம் மட்டும் இல்லை. மோர் இருந்த இடத்தில் இனிப்பு இல்லை. மோரோடு வந்தது களி, அவரை, வெங்காயம். மோருக்கு முன்னும் பின்னும் காட்டு வேலை. அந்த வாழ்க்கையிலிருந்து மோரை மட்டும் பிய்த்து எடுத்து, எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று கரண்டி வெள்ளைச் சோற்றில் கெட்டித் தயிரை ஊற்றிப் பிசைந்துவிட்டு, "பாரம்பரிய உணவு சாப்பிடுகிறேன்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். தயிர்சாதத்தில் தயிரைவிடச் சாதம் அதிகம் என்பதே எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது.

அந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போகவும் முடியாது. போகவேண்டும் என்று ஆசைப்படவும் கூடாது. ஆயாவுக்கு அது விருப்பம் இல்லை, கட்டாயம். ஆனால் ஒரு டம்ளரை மட்டும் திருப்பி மாற்றலாம். பதினோரு மணி டீயும் சாயந்திர ஜூஸும் இருந்த இடத்தில் மோரை வைக்கலாம். என்னால் முடிந்தது அதுதான்.

இங்கே குளிரில் தயிர் உறையாது என்பவர்களுக்கு: அவனைச் சூடாக்காமல், உள்ளே விளக்கை மட்டும் போட்டுப் பாத்திரத்தை வைத்துவிடுங்கள். காலையில் உறைந்திருக்கும். கொழுப்புக் குறைந்த பால் போதும். ஒரு கரண்டித் தயிருக்கு மூன்று கரண்டித் தண்ணீர். தட்டிய இஞ்சி, கசக்கிய சீரகம், கறிவேப்பிலை, துளி பெருங்காயம். உப்பைக் கை நடுங்கிப் போடுங்கள். நம்மில் பாதிப் பேருக்குப் பிரஷரும் உண்டு. பால் சேராதவர்களுக்கும் பெரும்பாலும் தயிர் ஒத்துக்கொள்ளும். அந்த பாக்டீரியாவே பால் சர்க்கரையைச் செரிக்கக் கொஞ்சம் உதவுகிறது.

போன வாரம் நானும் வீட்டம்மாவும் கடைந்து நுரை வர ஆற்றிக் குடித்தோம். பத்தாவது படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா இது, உப்புப் போட்ட மில்க் ஷேக்கா?" ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது வாய் குடித்தாள். அப்புறம் டம்ளரைத் திருப்பித் தரவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. "பரண்ல அந்த மத்து இன்னும் இருக்குது சாமி. அடுத்த தடவ வந்தா எடுத்துட்டுப் போ" என்றார்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனை. எண் எப்படி இருந்தாலும் இங்கே வந்து சொல்கிறேன். உங்கள் வீட்டுத் திண்ணையிலும் சொம்புகள் வரிசையாக நின்றதுண்டா?